சாயமேறாத கருக்கள்

'நொதியம்' என்னும் சொல்லை நமது பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாவரும் அறிவர். உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளை வெல்லமாக்குகின்றது என்று கொப்பியில் எழுதிப் புள்ளியும் பெற்றிருப்பர். தமிழ் படிப்பிக்கும் எனக்கு அச்சொல்லின்மேல் எப்பொழுதும் ஒரு பற்று உண்டு. நொதித்தலிலிருந்து பிறந்த சொல் அது; நமது வீட்டுத் தோசைமாவும் பனங்கள்ளும் அதற்குப் பொருள் சொல்லும். ஆயினும், மனித உடலிலிருந்து எடுத்த ஒரு துண்டு இழையத்தில் ஒரு நொதியம் காணப்படாமற் போவது, ஒரு குடும்பத்தின் பழைய மரணங்களுக்கு விளக்கமாகவும், இனி வரவிருப்பவற்றைத் தடுக்கும் எச்சரிக்கையாகவும் அமையக்கூடும் என்பதை அறியும் தேவை, சென்ற ஆண்டுதான் எனக்கு நேர்ந்தது.

என் அக்காவின் கணவர் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞர், வயது நாற்பத்தாறு. மலத்தோடு இரத்தம் போவதை மூலவியாதி என்று எண்ணிப் பல மாதம் கைமருந்து செய்தார். பின்னர் பெருங்குடலிலே கட்டி என்று கண்டு வெட்டி எடுத்தார்கள். கட்டியின் இழையத்தைப் பரிசோதித்து எழுதிய அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. குடும்பத்திலே பல்கலைக்கழகம் போனவன் நான் என்பதால் அது என் கைக்கு வந்து சேர்ந்தது. நான் படித்தது தொல்காப்பியமும் சங்கச் செய்யுளும் என்பதை அக்கா ஒருபோதும் ஒரு தடையாகக் கருதியதில்லை. எங்கள் பள்ளியின் உயிரியல் ஆசிரியரோடு மூன்று மாலைப்பொழுதுகள் அமர்ந்து அந்த ஒன்றரைப் பக்கத்தை வாசித்தேன். அதன் அடியில் நான்கு பெயர்கள் இருந்தன: எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6. முதலிரண்டுக்கும் எதிரே 'கருவில் உள்ளது' என்றும், பின்னிரண்டுக்கும் எதிரே 'கருவில் இல்லை' என்றும் குறித்திருந்தார்கள்.

இந்நான்கும் யாவை? இவை கலத்தினுள்ளே இருந்து பிழைதிருத்துவோர். ஏட்டுச்சுவடிகளைப் பற்றிச் சிறிது அறிந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பழைய ஏடு செல்லரித்துப் போகுமுன் அதனைப் பெயர்த்தெழுதுவார்கள். பெயர்த்தெழுதுவோன் எத்துணைக் கவனமுடையவனாயினும் பிழை விடுவான். அதிலும், ஒரே எழுத்தோ சொல்லோ அடுத்தடுத்து வரும் இடங்களிலே கண் வழுக்கும். ஒன்று குறையும், அல்லது ஒன்று கூடும். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த நம் சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை போன்றோர் பட்ட பாட்டிற் பெரும்பகுதி, பிரதிகளை ஒப்பிட்டு இத்தகைய பிழைகளைக் களைவதிலேயே கழிந்தது.

கலமும் அவ்வாறே. அது இரண்டாகப் பிரியுமுன் தன் டீ.என்.ஏ. ஏட்டை முழுவதும் பெயர்த்தெழுத வேண்டும். அந்த ஏட்டின் ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள். தாய் வழி ஒன்றும் தந்தை வழி ஒன்றுமாகக் கலத்தில் இரு தொகுதிகள். குடலின் உட்சுவரிலுள்ள கலங்களோ சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியவை பிறப்பன. அங்கே பெயர்த்தெழுதல் ஓய்வதேயில்லை. எழுத்து வழுக்கிய இடத்தை எம்.எஸ்.எச்.2உம் எம்.எஸ்.எச்.6உம் இணைந்து தேடிப் பிடிக்கும், எம்.எல்.எச்.1உம் பி.எம்.எஸ்.2உம் இணைந்து வந்து சேரும், பி.எம்.எஸ்.2 புதிய இழையை வெட்டும்; பிழையான பகுதி நீக்கப்பட்டு மீண்டும் எழுதப்படும். பக்ரீரியாவிலே இவ்வேலை எவ்வாறு நிகழ்கின்றது என்பதைப் பல்லாண்டு உழைத்துப் படிப்படியாக வெளிப்படுத்திய போல் மோட்ரிச் என்பார், 2015இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

திருத்துவோர் இல்லாத கலத்திலே பிழைகள் குவியும். குவியும் பிழைகளுள் ஒன்று, கலத்தின் வளர்ச்சியை அடக்கும் பரம்பரையலகிலே விழுமாயின் புற்றுக்கு வழி திறக்கும்.

இழையத்திலே இதனை எவ்வாறு காண்கிறார்கள் என்பதுதான் என்னைப் பெரிதும் கவர்ந்தது. கட்டியின் துண்டை மெழுகிலே பதித்து, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கு பங்களவு தடிப்புள்ள சீவல்களாகச் சீவுகிறார்கள். தேடப்படும் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை அதன்மேல் இடுகிறார்கள். புரதம் இருக்குமிடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். அங்கே கபிலநிறம் தோன்றுமாறு செய்வார்கள். இல்லாத இடம் நீலமாகவே நிற்கும். அந்த நீலம், நடு அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கப்படும் சாயம்; துணிக்குச் சாயமிட்டவர்களின் கைப்பொருள், மருத்துவர் கைக்கு வந்தது.

இதிலே ஒரு நுட்பமுண்டு. நீலமாயிருப்பது நொதியம் இல்லாமையாலா, அன்றிச் சாயமிட்டவரின் கைப்பிழையாலா என்று எவ்வாறு அறிவது? அருகே பார்க்க வேண்டும். கட்டியினிடையே நோயாளியின் சொந்த வெண்கலங்களும் தாங்கும் இழையக் கலங்களும் கிடக்கும். அவற்றின் கருக்கள் கபிலமாயிருக்க, புற்றுக்கலங்களின் கருக்கள் மட்டும் நீலமாயிருப்பின் அதுவே சான்று. அயலிலுள்ளவை பேசினாலன்றி ஒன்றின் மௌனத்துக்குப் பொருளில்லை. உயிரியல் ஆசிரியர் தம் கைப்பேசியிலே இத்தகைய படமொன்றைக் காட்டினார். கபிலப் புள்ளிகளுக்கு நடுவே நீல வளையங்கள். அறியாதவன் அதனை ஒரு சேலைக்கரை என்று எண்ணி இரசிக்கக்கூடும்.

பெருங்குடற் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 இவ்வாறு ஏதோவொரு திருத்துவோனை இழந்தவை. அவற்றுட் பெரும்பாலானவை பரம்பரையால் வருவன அல்ல. முதுமையில், எம்.எல்.எச்.1 பரம்பரையலகின் வாயில் ஓர் இரசாயனப் பூட்டுப் போட்டாற்போல் அடைபட்டுவிடும். அதனோடு அதன் துணையான பி.எம்.எஸ்.2உம் மறையும். ஆனால் எம்.எஸ்.எச்.2உம் அதன் துணை எம்.எஸ்.எச்.6உம் ஒருங்கே மறையுமாயின், அங்கே பெரும்பாலும் பிறப்பிலேயே வந்த விகாரம் இருக்கும். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிரதி பழுதாக வந்திருக்கும். மற்றப் பிரதி குடலின் ஏதோவொரு கலத்திலே கெட்டதும் திருத்துவோன் இல்லாமற் போவான். இதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். அத்தகைய ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பழுதான பிரதி வந்து சேரும் வாய்ப்புச் சரிபாதி.

அத்தானின் அறிக்கையிலே இல்லாதவை அந்தப் பின்னிரண்டும். அவருடைய தந்தை ஐம்பது வயதிலே 'வயிற்றுக் கட்டி'யால் இறந்தவர். தந்தையின் தமக்கை கருப்பைப் புற்றினால் இறந்தவர். இவற்றுக்கு அக்குடும்பத்தார் நெடுங்காலம் சொல்லிவந்த காரணம், வைரவர் கோவிலுக்கு நேர்ந்த மடையொன்று தவறிப்போயிற்று என்பது.

இந்நோயின் வரலாறு ஒரு தையற்காரியின் வாயிலிருந்து தொடங்குகின்றது. 1895ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரிலே, பல்கலைக்கழக நோயியலறிஞர் ஆல்டிரெட் ஸ்கொட் வார்தினின் வீட்டுத் துணிகளைத் தைத்துவந்த பெண்ணொருத்தி, தான் இளவயதிலேயே இறந்துவிடுவேன் என்று அவரிடம் சொன்னாள். ஏனென்று கேட்டபோது, தன் குடும்பத்தில் ஏறக்குறைய எல்லோரும் குடலிலோ வயிற்றிலோ கருப்பையிலோ புற்று வந்தே மாண்டார்கள் என்றாள். ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பம் அது. அவள் சொன்னபடியே கருப்பைப் புற்றினால் இறந்தாள். வார்தின் அக்குடும்பத்தின் வழியைத் தேடித் தொகுத்து 1913இல் வெளியிட்டார். ஏட்டிலே அதன் பெயர் 'ஜீ குடும்பம்'.

அந்தப் பெண்ணிடம் நுணுக்குக்காட்டி இல்லை, பிறபொருளெதிரி இல்லை. தன் வீட்டுச் சாவுகளை எண்ணியவள், அவற்றுக்கிடையே ஓர் ஒழுங்கைக் கண்டவள். இன்று சாயமிட்ட இழையம் நமக்குச் சொல்வதன் சாரத்தை அவள் ஊசியும் நூலுமாக இருந்து சொல்லிவிட்டாள். வார்தின் அதனைக் கேட்டார் என்பது அவருக்குப் பெருமை. வேலைக்காரியின் புலம்பல் என்று தள்ளிவிடும் கல்விமான்கள் அக்காலத்தில் மட்டுமா இருந்தார்கள்?

ஆனால் வார்தினை முழுமையாகப் போற்றவும் இயலாது. அவர் தம் காலத்து நல்லினவாக்கக் கொள்கையின்பாற் சாய்ந்தவர். அவருடைய கட்டுரை வந்த அதே 1913இல் மிச்சிகன் மாநிலம், 'குறையுடையோர்' என்று அரசு முத்திரையிட்ட மக்களைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டமொன்றை இயற்றியது. வம்சத்திலே நோயைக் கண்டவர்கள், நோயை நீக்க வழி தேடுமுன் வம்சத்தை நீக்க வழி தேடினார்கள். ஒரு குறியைக் கண்டுபிடித்தல் வேறு. அதனைக் கொண்டு மனிதரைக் குறிசுடுதல் வேறு.

இதன் மறுபுறத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. சாதியும் குலமும் பேசியோரால் நொந்த நம்மிற் பலருக்குப் 'பரம்பரை' என்ற சொல்லே கசக்கும். நோயெல்லாம் வறுமையிலும் சூழலிலும் பிறப்பன என்று கேட்பதே இனிக்கும். அந்த இனிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சோவியத்து நாட்டு லைசென்கோ சான்று. 1948இல் அங்கே பரம்பரையியல் முதலாளித்துவப் பொய் என்று அரசின் துணையோடு ஒதுக்கப்பட்டது. அதற்கு முன்பே, உலகின் பயிர் வித்துக்களைத் தேடித் திரட்டிய வவிலோவ் 1943இல் சரட்டோவ் சிறையில் மாண்டுவிட்டார். எங்கள் அத்தானின் ஏட்டிலுள்ள எழுத்துப்பிழை, நமது கொள்கை எதுவாயினும் அங்கேயே இருக்கும்.

வார்தினுக்குப் பின் அவ்வாராய்ச்சி ஏறக்குறைய மறக்கப்பட்டது. 1962இல், நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாகா நகரில், ஹென்றி லிஞ்ச் என்னும் இளம் மருத்துவரிடம் மதுவினால் பித்தேறித் தெளிந்துகொண்டிருந்த நோயாளி ஒருவர் வந்தார். ஏன் இவ்வாறு குடிக்கிறீர் என்று கேட்டதற்கு, என் குடும்பத்தில் எல்லோரும் குடற்புற்றினால்தான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் சாவேன், குடித்தால் என்ன என்றார் அவர். மீண்டும் ஒரு சாமானியர் சொல்ல, மீண்டும் ஒரு மருத்துவர் கேட்டார். லிஞ்ச், ஆன் குரூஷ் என்னும் சமூக சேவையாளரோடு சேர்ந்து வீடு வீடாக விசாரித்து எழுதினார். 1966இல் இரு பெருங்குடும்பங்களைப் பற்றிய கட்டுரை வந்தது. 1971இல் அவர்கள் பழைய ஜீ குடும்பத்தையும் தேடிச் சென்றனர். பின்னர் 1993இல் எம்.எஸ்.எச்.2 பரம்பரையலகும், அடுத்த ஆண்டில் எம்.எல்.எச்.1உம் கண்டறியப்பட்டன. 2000ஆம் ஆண்டளவில், தையற்காரியின் குடும்பத்து விகாரமும் வெளியாயிற்று. அது இருந்தது எம்.எஸ்.எச்.2இல்.

அத்தானின் அறிக்கையை நான் வீட்டிலே வாசித்துச் சொன்ன மாலையை இங்கே எழுத வேண்டும். அவருக்கு ஒரு தங்கை உண்டு, வயது நாற்பத்திரண்டு. அவருடைய மூத்த மகளுக்கு அப்பொழுது கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சாதகம் பொருந்தி, நாள் பார்க்கும் அளவுக்கு வந்திருந்தது. நான் சொல்லி முடிக்குமுன் அத்தானின் தாயார் எழுந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி, இந்தக் கதை இந்த வாசலைத் தாண்டப்படாது. மாப்பிள்ளை வீட்டார் அறிஞ்சால் அந்தப் பிள்ளையின்ரை சீவியம் என்னாகும்?"

அந்தக் கிழவியை நான் குறை சொல்லமாட்டேன். கணவனை ஐம்பது வயதிலே பறிகொடுத்துவிட்டு, தோட்டத்து வெங்காயத்தை விற்று இரு பிள்ளைகளையும் வளர்த்தவர் அவர். பெண்ணுக்குச் 'சுத்தமான' வழி உண்டா என்று விசாரிப்பதும், இல்லையென்றால் சீதனத்தை உயர்த்துவதும் அவர் செய்த வழக்கமல்ல; நமது ஊர் செய்த வழக்கம். கலியாணச் சந்தையிலே சரக்கின் குறையை மறைக்க வேண்டுமென்று ஏழைத் தாய் எண்ணுவாளாயின், அந்தச் சந்தையை வைத்திருப்போரிடமன்றோ கணக்குக் கேட்க வேண்டும்? அத்தானும் அன்று வாய் திறக்கவில்லை. பாயைப் பார்த்தபடியே இருந்தார்.

நான் அன்று பேசியது ஒரேயொரு செய்தியைத்தான். பின்லாந்து நாட்டிலே இத்தகைய குடும்பத்தாரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி அது. 133 பேர் மூன்றாண்டுக்கு ஒருமுறை குடலைப் பரிசோதிக்க இசைந்தனர். 119 பேர் பரிசோதிக்கவில்லை. பரிசோதித்தவர்களில் எண்மருக்குக் குடற்புற்று வந்தது; மற்றவர்களில் 19 பேருக்கு வந்தது. குடற்புற்றினால் இறந்தவர்கள் பரிசோதித்த கூட்டத்தில் ஒருவருமில்லை, மற்றதில் ஒன்பதின்மர். 'கமெரா விடுதல்' என்று நம்மவர் சொல்லும் அப்பரிசோதனையிலே, புற்றாக மாறவிருக்கும் சிறு முளைகளைக் கண்ட இடத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். "மாமி, அந்த ஒன்பது பேரிலை ஆரை நீங்கள் சொல்லாமல் விடுவியள்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் சிறிது நேரத்தின் பின் கதவைத் திறந்துவிட்டார்.

நொதியத்தின் இல்லாமை இன்னொரு வகையிலும் பயன்படுகின்றது. இங்கேதான் மருத்துவத்தின் பொருளாதாரம் தலைகாட்டுகின்றது. எழுத்துப்பிழைகள் மலிந்த புற்றுக்கலம், உடலுக்கு அந்நியமாகத் தோன்றும் புரதங்களை நிறைய உண்டாக்கும். உடலின் நிர்ப்பீடனப் படை அதனை எளிதில் இனங்காணும். ஆனால் கட்டி அப்படையின் கையைப் பிடித்து நிறுத்திவிடும். அந்தப் பிடியை விடுவிக்கும் பிறபொருளெதிரி மருந்தொன்றை 2015இல் பரீட்சித்தபோது, திருத்துவோனை இழந்த பெருங்குடற் புற்று நோயாளர் பதின்மரில் நால்வருக்குக் கட்டி சுருங்கியது. இழக்காத பதினெண்மரில் ஒருவருக்கும் சுருங்கவில்லை. 2017இல் அமெரிக்க அரசு அம்மருந்தை, புற்று எந்த உறுப்பிலிருந்தாலும் இக்குறி இருந்தாற் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. 2022இல் நியூயோர்க்கிலிருந்து வந்த செய்தி அதனினும் வியப்பானது: இக்குறியுடைய நேர்குடற் புற்றுக்கு இவ்வகை மருந்தைப் பெற்று முடித்த முதற் பன்னிருவரிலும், அறுவையின்றிக் கதிரின்றிக் கட்டி முற்றாக மறைந்தது. வேறு மருந்து எது வேண்டாம் என்பதையும் இக்குறி சொல்லும்: இத்தகைய கட்டியை வெட்டியபின் ஃபுளோரோயூராசில் வகை மருந்தை மட்டும் கொடுப்பதாற் பயனில்லை என்பது 2003இலேயே காட்டப்பட்டது.

அந்தப் புதிய மருந்தின் விலையை விசாரித்தேன். ஓர் ஆசிரியனின் சம்பளத்தை வைத்துக்கொண்டு அக்கணக்கைச் செய்வது வீண்வேலை. அத்தானுக்கு இப்பொழுது அது தேவைப்படவில்லை. வெட்டியதோடு கட்டி போயிற்று. தேவைப்படும் இன்னொருவர் என்ன செய்வார்? பன்னிருவர் பிழைத்தார்கள் என்ற செய்தியை உலகமே வாசிக்கலாம்; மருந்தை வாங்க இயலுவோர் சிலர். ஆக்கவுரிமை என்ற பெயரிலே அந்த வேலி நிற்கின்றது.

ஆனால் அதே நோய்க்கு அஸ்பிரினும் மருந்தென்பதை வாசித்தபோது சிரித்துவிட்டேன். சில்லறைக் காசுக்கு விற்கும் அதே அஸ்பிரின்தான். லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ளவர்களில் 427 பேருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வீதம் அஸ்பிரினும், 434 பேருக்கு வெறுங்குளிசையும் கொடுத்து, பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். அஸ்பிரின் பெற்றோரில் 40 பேருக்கும், வெறுங்குளிசை பெற்றோரில் 58 பேருக்கும் பெருங்குடற் புற்று வந்தது. 2020இல் வெளிவந்த முடிவு இது. இரத்தக்கசிவு உண்டாக்கக்கூடிய மருந்தாதலின் வைத்தியரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. ஆயினும் ஏழையின் எட்டுக்குள் இருப்பது அது. இதனால் எவருக்கும் கொள்ளை இலாபமில்லை; அதனால் இதற்கு ஆரவாரமுமில்லை.

விலை ஒருபுறமிருக்க, குறியைத் தேடிப் பார்ப்பதே முதல் வேலை. 2017இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவைக்கு வழிகாட்டும் நிறுவனம், பெருங்குடற் புற்றுள்ள ஒவ்வொருவரின் இழையத்தையும் இவ்வாறு பரிசோதிக்க வேண்டுமென்று விதந்துரைத்தது. வயது கேட்க வேண்டாம், குடும்பக் கதை கேட்க வேண்டாம், எல்லோருக்கும் செய்க என்பதே அதன் சாரம். குடும்பக் கதை எல்லா வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை என்பதைக் கதவைச் சாத்தும் கைகளைக் கண்ட நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. வைத்தியசாலையில் நோயாளி காசு கொடாத முறையை வைத்திருக்கும் நம் நாட்டுக்கு அந்தக் கொள்கை அந்நியமானதன்று. நான்கு சாயங்களின் செலவு, ஒருவருக்குப் பல மாதம் கொடுக்கும் புதிய மருந்தின் செலவோடு ஒப்பிடுங்கால் தூசு.

அத்தான் பத்து நாள் கழித்துத் தாமே தங்கையின் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அறிக்கையின் தமிழாக்கத்தை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். 'இல்லை' என்ற சொல்லின் கீழே அவர் தாமாகவே பேனையால் கோடிட்டிருந்தாராம். தங்கைக்குக் குடற் பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். விகாரத்தைத் தேடும் இரத்தப் பரிசோதனை இன்னும் ஒருவருக்கும் செய்யப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் தானே சொல்வதாகத் தங்கையின் மகள் நின்றாள், சொன்னாள். அவர்கள் யோசித்துச் சொல்வதாகப் போனவர்கள், இரண்டு மாதமாக யோசிக்கிறார்கள்.

அந்தப் பெண் இப்பொழுது ஓர் அப்பியாசக் கொப்பியிலே தன் தாய்வழிப் பாட்டனாரின் வழியை எழுதத் தொடங்கியிருக்கிறாள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். யார், எந்த வயதில், எந்த நோயால் என்று பெயர்களின் கீழே சிறிய எழுத்தில் குறித்து வருகிறாள். பாட்டனாரின் சகோதரர் மூவர் சிறுவயதிலே வன்னிக்குக் குடிபோனவர்கள். அவர்களுடைய சதுரங்கள் இன்னும் வெறுமையாகக் கிடக்கின்றன. வரும் பள்ளி விடுமுறையில் கிளிநொச்சிப் பக்கம் போய் விசாரிக்க என்னையும் துணைக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.